தீனியை எடை போட்ட பிறகுதான் வடிகட்டியின் அளவு புரிந்தது

2016-ஆம் ஆண்டு சித்திரையில், கன்னியாகுமரி மாவட்டத்தில் தக்கலைக்கு அருகே உள்ள எங்கள் வீட்டு முற்றத்தில் சிறு குளம் ஒன்றைக் கட்டி, விரல் நீளமுள்ள பன்னிரண்டு கோய் (அழகுக்காக வளர்க்கும் வண்ணக் கெண்டை) மீன் குஞ்சுகளை விட்டேன். வடிகட்டி செய்வதற்காக, குலசேகரம் பக்கத்தில் ரப்பர் பால் வியாபாரம் செய்யும் ஒருவரிடம் 200 லிட்டர் நீல டிரம் ஒன்றை விலைக்கு வாங்கினேன். வீட்டில் கொண்டுவந்து மூடியைத் திறந்தபோது கண் எரிந்தது. பால் உறைந்துவிடாமல் இருக்க அதில் அமோனியா சேர்ப்பார்கள் என்பதை நான் அப்போது யோசிக்கவில்லை. தொலைபேசியில் கேட்டதற்கு, "ஒண்ணும் இல்ல சாரே, பாலு கொண்டுபோன டிரம்மாக்கும், ரெண்டு தடவ கழுவி வெயில்ல வச்சா போயிரும்" என்றார். அவர் சொன்னது உண்மைதான். ஆனால் இரண்டு தடவை போதவில்லை, இரண்டு வாரம் ஆயிற்று. மீன் குளத்திலிருந்து அமோனியாவை நீக்குவதற்காக அமோனியா ஊறிய டிரம்மை வாங்கிவந்ததை என் மனைவி இன்றும் விருந்தாளிகளிடம் சொல்லிச் சிரிப்பதுண்டு.

வடிகட்டி என்றவுடன் அழுக்கை அரித்து நிறுத்தும் சல்லடையைத்தான் பெரும்பாலோர் நினைக்கிறார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். குளத்து மீனைக் கொல்வது கண்ணுக்குத் தெரியும் அழுக்கைவிட, மீன் தன் செவுள் வழியாக ஓயாமல் வெளியேற்றும் அமோனியாதான். அதை ஒருவகை பாக்டீரியா நைட்ரைட்டாக மாற்றுகிறது. அந்த நைட்ரைட்டும் நஞ்சே. இன்னொரு வகை பாக்டீரியா அதை நைட்ரேட்டாக மாற்றிய பிறகே மீனுக்கு ஆபத்து நீங்குகிறது. இவ்விரு பாக்டீரியாக்களும் நீரில் மிதந்து திரிபவை அல்ல. ஏதேனும் ஒரு பரப்பில் வழுவழுப்பான மென்படலமாக ஒட்டிக்கொண்டு, ஓடும் நீரிலிருந்து அமோனியாவையும் உயிர்வளியையும் எடுத்து வாழ்பவை. எனவே உயிரி வடிகட்டி என்பது அவை குடியிருப்பதற்கு நாம் கட்டித்தரும் வீடு. அந்த வீட்டை எவ்வளவு பெரிதாகக் கட்டுவது என்ற கேள்வியில்தான் நான் இரண்டு ஆண்டுகள் தடுமாறினேன்.

கேட்டவர்கள் எல்லோரும் ஒரே சூத்திரத்தைச் சொன்னார்கள்: குளத்து நீரின் அளவில் பத்தில் ஒரு பங்கு வடிகட்டி இருக்க வேண்டும். என் குளம் 6,000 லிட்டர் என்று நான் நம்பிக்கொண்டிருந்தேன். நீளம், அகலம், ஆழம் மூன்றையும் டேப் வைத்து அளந்து பெருக்கிய கணக்கு அது. ஆனால் பக்கச் சுவர்கள் சரிவானவை; ஆம்பல் தொட்டிக்காக ஒரு மூலையில் திட்டும் விட்டிருந்தேன். ஒருமுறை குளத்தை இறைத்துவிட்டு, மொட்டை மாடியில் இருக்கும் 500 லிட்டர் தொட்டியை நிரப்பி நிரப்பித் திறந்துவிட்டபோது, எட்டுத் தொட்டியும் ஒன்பதாவதில் பாதிக்குக் கொஞ்சம் குறைவாகவும் போயிற்று. ஆக, 4,200 லிட்டர். மருந்தோ உப்போ போடும்போது இந்த வேறுபாடு மீனின் உயிரோடு விளையாடும் என்பதால், குளம் கட்டுகிறவர்கள் முதல் நிரப்பலிலேயே இப்படி அளந்து, சுவரில் எழுதிவைத்துவிடுவது நல்லது.

டிரம்முக்குள் முதலில் போட்டது தேங்காய்த் தும்பு. நம் மாவட்டத்தில் தும்புக்குப் பஞ்சமா? கைக்கு எட்டிய தூரத்தில் இலவசமாகக் கிடைத்தது. முதல் வாரம் குளம் கட்டன் சாயா நிறத்துக்கு மாறியது. தொண்டு (தேங்காய் மட்டை) ஊறிய நீரின் கறை அது. அந்தக் கறையால் மீனுக்குப் பெரிய கேடில்லை. மூன்றாவது மாதத்தில் தும்பு நொய்ந்து, அமுங்கி, அடியில் கெட்டியாகப் படிந்து, நீர் அதன் வழியே புகாமல் ஓரத்தில் வழி கண்டுபிடித்து ஓடத் தொடங்கியதுதான் கேடு. தானே அழுகும் பொருள், பாக்டீரியாவுக்குத் தேவையான உயிர்வளியையும் சேர்த்துத் தின்றுவிடும். தும்பை அள்ளி வாழை மூட்டில் போட்டுவிட்டு, முக்கால் இஞ்சு ஜல்லியை நிரப்பினேன். சுமார் 130 லிட்டர் கொள்ளளவுக்கு ஜல்லி. ஏறத்தாழ 200 கிலோ. அதைக் கழுவ வேண்டும் என்றால் யார் தூக்குவது என்று யோசிக்காமலேயே நிரப்பினேன்.

இடையில் ஒரு விபத்து நடந்தது. பம்பிலிருந்து டிரம்முக்கு ஏறும் குழாய் ஒரு இஞ்சு. டிரம்மிலிருந்து குளத்துக்கு இறங்கும் குழாயும் ஒரு இஞ்சு. ஏறும் நீரைப் பம்பு தள்ளுகிறது. இறங்கும் நீருக்குத் தள்ள ஆளில்லை, தன் எடையால் மட்டுமே இறங்க வேண்டும். ஒரு நாள் இரவு பிலா இலை ஒன்று வெளியேறும் வாயில் ஒட்டிக்கொண்டது. விடிந்து பார்த்தபோது டிரம் நிரம்பி வழிந்து முற்றமெல்லாம் சேறு. குளத்தில் அரையடி நீரில் மீன்கள் சரிந்து கிடந்தன. எல்லாவற்றையும் காப்பாற்ற முடிந்தது கிணறு அருகில் இருந்ததால்தான். இறங்கும் குழாயை அன்றே இரண்டு இஞ்சாக மாற்றி, அதற்கு மேலே நான்கு விரல் உயரத்தில் அவசர வழிவு ஒன்றையும் வைத்து, அதுவும் குளத்துக்குள்ளேயே விழும்படி செய்தேன். பம்பைத் தரையிலிருந்து தூக்கி, குளத்தின் பாதி ஆழத்தில் ஒரு கல்லின்மேல் வைத்தேன். எது தவறிப்போனாலும் அது பாதிக் குளத்துக்கு மேல் வெளியே தள்ள முடியாது.

பிறகு வந்தது ஒக்கி. 2017 நவம்பர் 30 அன்று புயல் எங்களைக் கடந்தபோது, எங்கள் பகுதியில் நின்ற ரப்பர் மரங்களும் வாழைகளும் மின்கம்பங்களும் ஒன்றன்மேல் ஒன்றாகச் சாய்ந்தன. எங்கள் தெருவுக்கு மின்சாரம் திரும்பியது ஒன்பதாவது நாள். கடலுக்குப் போனவர்கள் திரும்பவில்லை என்று கரையோர ஊர்கள் கதறிக்கொண்டிருந்த நாட்களில் மீனைப் பற்றிக் கவலைப்படுவதே கூச்சமாக இருந்தது என்றாலும், காலையும் மாலையும் வாளியால் நீரை மொண்டு உயரத்திலிருந்து ஊற்றிக்கொண்டிருந்தேன். தீனியை முதல் நாளே நிறுத்திவிட்டேன். ஒன்பது நாளும் ஒரு மீன்கூடச் சாகவில்லை.

பத்தாம் நாள் காலையில் இறந்தவை ஏழு.

காரணம் மின்சாரம் இல்லாமல் போனது அல்ல, திரும்பி வந்ததும் நான் செய்ததுதான். விளக்கு எரிந்த மகிழ்ச்சியில் நேராகப் போய்ப் பம்பின் சுவிட்சைப் போட்டேன். ஒன்பது நாள் நின்ற டிரம்முக்குள், நீரோட்டமும் உயிர்வளியும் இன்றி நல்ல பாக்டீரியா மடிந்து, ஜல்லி இடுக்கில் சேர்ந்திருந்த மலமும் தீனிக் கசடும் காற்றில்லாமல் அழுகியிருந்தன. கறுத்த நீர் அழுகிய முட்டை நாற்றத்தோடு குளத்துக்குள் இறங்கியது. நான் பம்பை நிறுத்துவதற்குள் டிரம்மில் இருந்தது முழுவதும் இறங்கிவிட்டது. இப்போது சில மணி நேரத்துக்கு மேல் பம்பு நின்றுவிட்டால், அடி வால்வைத் திறந்து டிரம்மில் உள்ள நீர் முழுவதையும் தென்னை மூட்டுக்கு விட்டுவிட்டு, குளத்து நீராலேயே உள்ளிருப்பதை அலசிய பிறகுதான் ஓட்டத்தைத் தொடங்குகிறேன். மின்தடை நீளும் என்று தெரிந்தாலும் டிரம்மை வடித்துவிடுவேன். ஈரமாகவும் காற்றோட்டமாகவும் இருந்தால் அந்தப் படலம், தேங்கிய நீருக்குள் மூழ்கிக் கிடப்பதைவிட அதிக நேரம் தாங்கும்.

200 கிலோ ஜல்லியைச் சட்டியில் அள்ளி அள்ளி வெளியே கொட்டிய அந்த இரண்டு நாட்களில்தான், இந்த வடிகட்டி உண்மையில் போதுமானதாக இருந்ததா என்ற சந்தேகம் எழுந்தது. குளத்து லிட்டரை வைத்துப் போட்ட கணக்கு எங்கோ பொருந்தவில்லை. 4,200 லிட்டரில் இரண்டு மீன் இருந்தாலும் இருபது மீன் இருந்தாலும் அந்தச் சூத்திரம் ஒரே அளவைத்தான் சொல்கிறது. தேரூர்க் குளத்துக்கு யாரும் வடிகட்டி வைக்கவில்லை. அங்கே நீருக்கு மீன் குறைவு, தாமரையும் சேறும் மிச்சத்தைப் பார்த்துக்கொள்கின்றன. வடிகட்டி சுமக்க வேண்டியது நீரை அல்ல, நாம் குளத்தில் போடும் தீனியை.

அந்தக் கணக்கைச் சற்று விரிவாகவே சொல்கிறேன். நாளொன்றுக்கு 100 கிராம் தீனி போடுவதாக வைத்துக்கொள்வோம். பொட்டலத்தில் புரதம் 35 சதவீதம் என்றிருந்தால் 35 கிராம் புரதம். புரதத்தில் 16 சதவீதம் நைட்ரஜன் என்பதால் 5.6 கிராம் நைட்ரஜன். அதில் பாதிக்குச் சற்று மேல், அதாவது சுமார் 3.2 கிராம், அமோனியாவாக நீரில் கலக்கிறது. ஒரு சதுர மீட்டர் பரப்பில் ஒட்டியுள்ள பாக்டீரியா ஒரு நாளில் எவ்வளவு அமோனியாவை மாற்றும் என்பது நீரின் வெப்பத்தையும், உயிர்வளியையும், அமோனியா எவ்வளவு செறிவாக இருக்கிறது என்பதையும் பொறுத்தது. நெருக்கமாக மீன் வளர்க்கும் பண்ணைத் தொட்டிகளில் 0.2 கிராமுக்கு மேலும் மாற்றலாம். ஆனால் வீட்டுக் குளத்தில் அமோனியா கிட்டத்தட்ட இல்லாமலிருக்க வேண்டும் என்று நாம் விரும்புவதால், பாக்டீரியாவுக்கு எப்போதும் அரைவயிற்று உணவுதான், எனவே 0.1 கிராம் என்று குறைத்தே வைத்துக்கொண்டேன். அப்படியானால் 32 சதுர மீட்டர் பரப்பு வேண்டும். நாளடைவில் பரப்பில் பாதியை அழுக்கு மூடிவிடும் என்ற அச்சத்தில் அதை இரட்டித்து 64 சதுர மீட்டர் என்று கொண்டேன்.

முக்கால் இஞ்சு ஜல்லியை 20 மில்லிமீட்டர் உருண்டைகளாகப் பாவித்துக் கணக்கிட்டால், ஒரு கன மீட்டர் ஜல்லிக்குச் சுமார் 180 சதுர மீட்டர் பரப்பு வரும். என் டிரம்மில் இருந்த 130 லிட்டருக்கு 23 சதுர மீட்டர். அழுக்குக்குப் பாதி போனால் 12-க்கும் குறைவு. ஒக்கிக்கு முன்பு நான் போட்டுவந்த தீனியோ நாளுக்கு 70 கிராம். அதற்கு அழுக்கில்லாத சுத்தப் பரப்பே 22 சதுர மீட்டருக்கு மேல் வேண்டும். தேவையில் பாதியை வைத்துக்கொண்டு ஓராண்டுக்கு மேல் ஓட்டியிருக்கிறேன். மாலையில் மீன்கள் நீர்மட்டத்துக்கு வந்து வாயைப் பிளப்பதும், ஓரத்தில் உடம்பை உரசுவதும் ஏன் என்பது அப்போதுதான் விளங்கியது.

குஞ்சு விட்டபோது இந்த வடிகட்டி போதுமானதாகத்தான் இருந்தது என்பதையும் சொல்ல வேண்டும். ஏமாற்றியது மீனின் வளர்ச்சி. ஒரு கோய் 15 சென்டிமீட்டரிலிருந்து 30 சென்டிமீட்டர் ஆகும்போது, நம் கண்ணுக்கு இரண்டு மடங்கு பெரிதாகத் தெரிகிறது. எடையோ ஏறத்தாழ எட்டு மடங்காகிவிடுகிறது. ஆகவே வடிகட்டியின் அளவை இன்றைய மீனுக்கு வைக்காமல், மூன்று ஆண்டு கழித்து அந்த மீன்கள் தின்னப்போகும் தீனிக்கு வைக்க வேண்டும். அதற்கு இடமோ பணமோ இல்லையென்றால் மீன் எண்ணிக்கையைக் குறைத்துவிடுவதே ஒழுங்கு. நான் இரண்டையும் செய்தேன்: எட்டு மீனுக்கு மேல் வைப்பதில்லை, அவை ஒவ்வொன்றும் ஒரு கிலோ ஆனாலும் நாளுக்கு 100 கிராம் தீனிக்கு மேல் போடுவதில்லை. மனைவியின் சமையலறைத் தராசில் ஒரு சிரட்டையை வைத்து அளந்தே போடுகிறேன். கையால் அள்ளிப் போட்ட காலத்தில் என் "ஒரு கைப்பிடி", எடை போட்டுப் பார்த்தபோது ஒரு நாள் 22 கிராமாகவும் மறுநாள் 41 கிராமாகவும் இருந்தது.

2018 தையில் மூன்று டிரம்களை வரிசையாக வைத்துப் புதிதாகக் கட்டினேன். முதல் டிரம்மின் கீழ்ப்பாதியில் ஒன்றுமே இல்லை. உள்ளே வரும் குழாயைச் சுவரை ஒட்டி வளைத்துவிட்டதால் நீர் மெதுவாகச் சுழன்று, கனமான கசடு நடுவில் அடியில் போய்ச் சேர்கிறது. அடியில் ஒன்றரை இஞ்சு பால் வால்வு. வாங்கும்போது இதில் மிச்சம் பிடிக்கக் கூடாது. அரை இஞ்சு வால்வு ஒரே வாரத்தில் அடைத்துக்கொள்ளும். இந்த டிரம்மின் மேல்பாதியில் குளச்சல் கரையிலிருந்து கிடைத்த பழைய நைலான் வலையைச் சுருட்டித் தொங்கவிட்டிருக்கிறேன். மிதக்கும் தூசியை அது பிடித்துவிடுகிறது. வலையை வாங்குகிறவர்கள் விளிம்பில் கோத்திருக்கும் ஈயக் குண்டுகளை ஒன்றுவிடாமல் வெட்டியெடுத்துவிட்டு, உப்புப் போகும்வரை நன்னீரில் ஊறவைக்க வேண்டும்.

இரண்டாவதும் மூன்றாவதும் பாக்டீரியாவுக்கு. ஜல்லியை மறுபடி தூக்க என் முதுகு சம்மதிக்கவில்லை. ஆக்கர் (பழைய பொருள்) கடையில் தண்ணீர் பாட்டில் மூடிகள் கிலோ கணக்கில் கிடைத்தன. ஒரு மூடியை அறுத்து, உள்ளும் புறமும் அளந்து பார்த்ததில் சுமார் 42 சதுர சென்டிமீட்டர் வந்தது. டிரம்மில் கொட்டினால் ஒரு கன மீட்டருக்கு 240 சதுர மீட்டர் என்ற கணக்கு. பரப்பில் ஜல்லியைவிடக் கொஞ்சம்தான் கூடுதல் என்றாலும், இடைவெளி மிகுதியாக இருப்பதால் அடைப்பதில்லை. வெங்காயம் வரும் வலைச்சாக்கில் கட்டிப் போட்டிருப்பதால் ஒரு கையால் தூக்கி அலசலாம். மூடி நீரில் மிதக்கும் என்பதால் மேலே ஒரு பிளாஸ்டிக் கூடையைக் கவிழ்த்து அமுக்கி வைத்தேன். ஒவ்வொரு டிரம்மிலும் 150 லிட்டர் வீதம் இரண்டிலும் சேர்த்து ஏறத்தாழ 72 சதுர மீட்டர். நீர் அடியில் நுழைந்து மேலேறும்படி குழாயை அமைத்ததால், மூடிகளில் உதிரும் கசடும் அடியிலேயே தங்குகிறது. அலசுவதற்குக் குளத்து நீர் மட்டும்தான். குளோரின் கலந்த குழாய்த் தண்ணீரில் கழுவினால், மாதக்கணக்கில் வளர்த்ததை ஒரு நொடியில் கொன்றதாகும். இரண்டு டிரம்மையும் ஒரே நாளில் அலசுவதும் இல்லை.

பம்பின் அட்டைப்பெட்டியில் மணிக்கு 3,500 லிட்டர் என்று அச்சிட்டிருந்தது. டிரம்மின் உயரத்துக்கு ஏற்றி, 20 லிட்டர் வாளியைப் பிடித்தபோது நிரம்ப 38 விநாடி ஆயிற்று. மணிக்கு 1,900 லிட்டர்தான். இரண்டேகால் மணி நேரத்துக்கு ஒருமுறை குளம் முழுவதும் வடிகட்டிக்குள் போய் வருவதால் எனக்கு இது போதும். ஆனால் வாளி வைத்து அளக்காமல் எந்தப் பம்பையும் நம்ப வேண்டாம். 60 வாட் பம்பு இரவும் பகலும் ஓடினால் இரண்டு மாதத்துக்கு 86 யூனிட். 2018-இல் அரசு இலவசமாகத் தந்த 100 யூனிட்டில் பெரும்பகுதியை மீன்களே சாப்பிட்டுவிட்டன. இரவில் நிறுத்தி மிச்சம் பிடிக்கலாமே என்று மச்சான் ஒருமுறை சொன்னார். ஒக்கியை நினைவூட்டியதும் அந்தப் பேச்சு நின்றது.

புதிய வடிகட்டி வேலைக்கு வர எங்கள் வெப்பத்தில் நான்கு வாரம் ஆயிற்று. முதல் பத்து நாள் சோதனைக் குப்பியில் அமோனியா பச்சை நிறம் காட்டியது. பிறகு அது குறைந்து நைட்ரைட் ஏறியது. நைட்ரைட் ஏறிய நாட்களில் லிட்டருக்கு ஒரு கிராம் வீதம் கல்லுப்பு கரைத்துவிட்டேன். சாமித்தோப்புப் பக்கத்து உப்பளத்தில் வாங்கிய, வேறெதுவும் சேர்க்காத உப்பு. அந்த உப்பில் உள்ள குளோரைடு, நைட்ரைட் செவுள் வழியாக இரத்தத்தில் ஏறுவதைத் தடுக்கிறது. ஆம்பல் தொட்டியை அதற்கு முன்பே வெளியே எடுத்து வைத்துவிட்டேன்.

எல்லாம் சரியாக ஓடிக்கொண்டிருந்தபோது, அந்த ஆண்டு இடவப்பாதி (தென்மேற்குப் பருவ) மழை நின்று பெய்த வாரத்தில் அமோனியா மீண்டும் தலைகாட்டியது. தீனி கூடவில்லை, பம்பும் நிற்கவில்லை. இரண்டு நாள் குழம்பிய பிறகு நீரின் அமில-கார அளவான பி.எச். பார்த்தேன்: 6. எங்கள் வெட்டுகல் (செம்புறைக்கல்) பூமிக் கிணற்று நீர் இயல்பிலேயே மென்மையானது. அமிலத்தைத் தாங்கும் காரத்தன்மை லிட்டருக்கு 30 மில்லிகிராம் அளவுதான். பாக்டீரியா ஒரு கிராம் அமோனியா நைட்ரஜனை மாற்றும்போது ஏழு கிராமுக்கு மேல் காரத்தன்மையைச் செலவழிக்கிறது. ஐந்து மீனுக்கு 40 கிராம் தீனி என்ற அன்றைய நிலையில்கூட, குளத்தில் இருந்த மொத்த இருப்பும் இரண்டு வாரத்தில் தீர்ந்துவிடும். அதன்மேல் மழைநீர் வேறு கலந்தால் கேட்கவே வேண்டாம். பி.எச். இறங்கியதும் பாக்டீரியா வேலையை நிறுத்திவிட்டது.

சுண்ணாம்பைக் கரைத்து ஊற்றச் சொன்னவர்கள் பலர். அதை நான் செய்யவில்லை. 30 டிகிரி நீரில் பி.எச். 7 ஆக இருக்கும்போது, மொத்த அமோனியாவில் நஞ்சான வடிவம் ஒரு சதவீதத்துக்கும் குறைவு, 8-க்கு ஏறினால் ஏழெட்டு சதவீதம், 8.5-இல் ஐந்தில் ஒரு பங்கு. அமோனியா தேங்கி நிற்கும் குளத்தில் சுண்ணாம்பு ஊற்றுவது, உறங்கும் பாம்பை மிதிப்பதற்குச் சமம். முதலில் நாளுக்குக் கால்பங்கு நீரை மாற்றினேன். பிறகு ஆப்ப சோடாவை நாளொன்றுக்கு 100 கிராம் வீதம் கரைத்து ஊற்றி, காரத்தன்மையை மெதுவாக 80-க்குக் கொண்டுவந்தேன். நிரந்தர ஏற்பாடாக, கடற்கரையில் சிப்பி அவித்து விற்பவர்களிடம் ஒரு சாக்கு ஓடு வாங்கி, கழுவிக் காயவைத்து, மூன்றாவது டிரம்மின் வாயில் தொங்கவிட்டேன். நீர் அமிலமாகும்போது மட்டும் அது கரையும். தேவையில்லாதபோது சும்மா இருக்கும். ஆண்டுக்கு ஒருமுறை சாக்கைப் பார்க்கிறேன், ஓடுகளின் விளிம்பு தேய்ந்து மெலிந்திருக்கிறது.

வடிகட்டி இவ்வளவு செய்தும் குளம் பச்சையாகத்தான் இருக்கிறது என்று குறைசொல்பவர்கள் உண்டு. பச்சை நிறம் பாசியால் வருவது. வடிகட்டி கடைசியில் தருகின்ற நைட்ரேட் அதற்கு உரம். மூன்றாவது டிரம்மிலிருந்து குளத்துக்கு நீர் இறங்கும் வாய்க்காலில் சேம்பு நட்டபிறகு எங்கள் குளத்தில் பச்சை பெரிதும் குறைந்தது. ஆம்பல் இலையும் வெயிலை மறைக்கிறது. முற்றிலும் தெளிந்த நீர் வேண்டுமென்றால் புற ஊதா விளக்கு வாங்க வேண்டும். எனக்கு அது தேவைப்படவில்லை.

சனிக்கிழமைதோறும் முதல் டிரம்மின் வால்வைத் திறந்து, கறுத்த கசடு தெளிந்த நீராக மாறும்வரை ஒரு வாளி அளவு விடுகிறேன். அது நேராக மதிலோரத்து மட்டி வாழைக்குப் போகிறது. போன மாதம் மச்சான் இன்னும் நான்கு கோய் தருவதாகச் சொன்னார். நான்காவது டிரம் வைக்க மதிலுக்கும் வாழைக்கும் நடுவே இரண்டடி இடம் இருக்கிறதா என்று அளந்து பார்த்தேன். ஒன்றரை அடிதான் இருந்தது. வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.